ஹட்டி அக்கா வீட்டு வாசலில் ஐந்து ஜோடி சப்பாத்து

யானைக்குட்டியைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போது, எங்கள் ரயிலுக்கு முன்னால் இருந்த பாலத்தை ஆறு கொண்டுபோய்விட்டது. ரயில் ஒரு வெட்டவெளியில் நின்றது. நானும் காதர் நானாவும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தோம். புல். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தோம். அங்கேயும் புல்தான்.

"கடல்லகூட ஒரு கப்பலாச்சும் தெரியும்லா," என்றார் நானா.

நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். காதர் நானா பினாங்கில் மிருகங்கள் வாங்கி வெளியூருக்கு ஏற்றும் வியாபாரி. குரங்கு, மலைப்பாம்பு, கிளி எல்லாம் அவரிடம் கிடைக்கும். அமெரிக்காவில் ஒரு சர்க்கஸ்காரர் யானைக்குட்டி கேட்டார். குட்டிக்குத் துணையாக ஒரு ஆள் வேண்டும். நான் அதே பினாங்கில், ஆயர் ஈத்தாமில் பால்மாடு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஆறாம் வகுப்போடு கணக்கு தீர்ந்துவிட்டது. "மாட்டப் பாத்தவனுக்கு யானை என்னடா, கொஞ்சம் பெரிய மாடு," என்று சொல்லி நானா என்னைக் கூட்டி வந்தார். அந்தக் கொஞ்சம் பெரிய மாடு கப்பலில் என் வேட்டியை இரண்டு தடவை தின்றது.

பாலம் கட்டத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். அன்று வியாழன். ரயிலில் இருந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த சின்ன ஊருக்கு நடந்தார்கள். அந்த ஊரில் ஒரே தெரு, ஒரே ஓட்டல். ஓட்டல்காரர் எங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, பிறகு காலிலிருந்து தலைவரை பார்த்து, அறை இல்லை என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சாவிகள் வரிசையாகத் தொங்கின.

"சாவி தொங்குதேடா மாரி," என்றார் நானா.

"அது அழகுக்கு மாட்டியிருக்காங்க நானா. வாங்க."

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். நானா பினாங்கிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த கடைசி முறுக்கை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியைத் தாம் எடுத்துக்கொண்டார். அப்போது ஒரு மோட்டார் கார் தானே பயந்துபோனதுபோல் நடுங்கிக்கொண்டு வந்து நின்றது. ஆண்பிள்ளைச் சட்டையும் கால்சட்டையும் போட்ட ஒரு அம்மா இறங்கினார். அறுபது வயது இருக்கும். கோழித் தீவன மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கிக் காரில் போட்டார்.

இனி வரும் பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது. எனக்குப் புரிந்ததை நம்ம பேச்சில் போட்டிருக்கிறேன். புரியாததையும் போட்டிருக்கிறேன்.

"எந்த ஊருப்பா நீங்க?"

"பினாங்கு."

"அது எந்த ஜில்லா?"

"கொஞ்சம் தள்ளி, மேடம். நடுவுல கடல் இருக்கு."

"மாடு கறக்கத் தெரியுமா?"

"பேச வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்ப ஏறு. பெரியவரையும் ஏத்து."

பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் ஓடியது. அந்த அம்மா அசரவில்லை. "அதுக்கு வழி தெரியும்," என்றார். நான் அரை மைல் ஓடிப் பிடித்து வந்தேன். நானா காரை விட்டு இறங்கவே இல்லை. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

பெயர் ஹட்டி என்றார். மிஸஸ் இல்லை, மிஸ். அறுபது வயது மிஸ்ஸை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அக்கா என்று வைத்துக்கொண்டேன். அர்த்தம் சொன்னேன். "தம்பி ஒருத்தன்தான் குறைச்சலா இருந்துச்சு," என்றார்.

ராத்திரிச் சாப்பாடு பீன்ஸ். நானா கரண்டியால் கிளறிப் பார்த்தார். பன்றிக் கொழுப்பு மிதந்தது. தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார். அக்கா காரணம் கேட்டார், சொன்னேன். அவர் எழுந்து ஆறு முட்டை அவித்து, நானா முன்னால் வைத்து, "முட்டைக்கு ஒண்ணும் தடை இல்லியே?" என்றார். அதிலிருந்து நான்கு நாளும் நானா முட்டையும் சோளக்கதிருமாக வாழ்ந்தார். பசாரில் ஒரு தட்டு சோறு, மேலே ஐந்து வகைக் குழம்பு ஊற்றித் தின்கிற மனிதர்! காலையில் தோசைபோல ஒன்று வந்தது. ஆசையாகக் கை நீட்டினேன். அதன் மேல் சீனிப்பாகை ஊற்றினார்கள். தோசைக்குச் செய்யக்கூடாத பாவம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். அவர் குடியிருக்கும் பலகை வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டில் கதவு இருந்தது. கூரையில் புல் முளைத்து, அதில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. வாசலில் ஒரு பலகை: சரித்திரப் புகழ் பெற்ற வீடு.

"எத்தன வருஷம் ஆச்சு அக்கா?"

"நாப்பது."

நானா என்னைப் பார்த்தார். அவர் பினாங்கில் போட்டிருக்கும் செருப்புக்கே அதில் பாதி வயது இருக்கும். ஆனால் உள்ளே போனதும் அவரே சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். செங்கல் இல்லை, மரம் இல்லை. புல் வேரோடு மண்ணைக் கலப்பையால் பாளம் பாளமாக வெட்டி, செங்கல்போல அடுக்கிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவர் என் கை நீளம் தடிப்பு. ஜன்னல் திண்டில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். கூரைக்குக் கீழே ஒரு துணி கட்டியிருந்தது.

"துணி எதுக்கு அக்கா?"

"மேலருந்து மண்ணு விழும். சமயத்துல பாம்பு விழும். துணி இருந்தா சூப்புல விழாது."

நானா சட்டென்று துணிக்கு அடியிலிருந்து நகர்ந்தார். பாம்பு விற்கிற மனிதர்!

கவர்மெண்டு அந்தக் காலத்தில் ஒரு சட்டம் போட்டதாம். நூற்று அறுபது ஏக்கர் சும்மா தருவோம். அதில் வீடு கட்டி, பயிர் வைத்து, ஐந்து வருஷம் குடியிருந்து காட்டு, நிலம் உனக்கு. நம் ஆயர் ஈத்தாமில் நூற்று அறுபது ஏக்கர் கொடுத்தால் பசாரும் கோயிலும் எங்கள் மாட்டுக்கொட்டகையும் அதற்குள் வந்துவிடும். அக்காவுக்கு அப்போது இருபத்தொரு வயது. தனி ஆள். பதினோரு நாளில் தன் கையால் சுவர் எழுப்பினார். ஐந்து வருஷம் இருந்தே காட்டினார்.

"அதுக்கு முன்னாடி இது யாரு நிலம்?" என்று நானா கேட்டார். வியாபாரி அல்லவா, பத்திரத்தில் முந்தின பெயரைப் பார்ப்பது அவர் பழக்கம்.

அக்கா வெளியே புல்வெளியைக் கை காட்டினார். "இங்க வேட்டைக்கு வந்துட்டுப் போயிட்டிருந்தவங்க இருந்தாங்க. அதையும் பலகையில எழுதணும். எழுதல."

வாசலுக்கு நேராகச் சிவப்புத் துணி கட்டிய முளைக்குச்சி ஒன்று நின்றது. வீட்டுக்குப் பின்னால் இன்னொன்று. என்னவென்று கேட்டேன். புதுச் சாலை வருகிறதாம். முதல் முளையையும் பின் முளையையும் ஒரு கோடு போட்டால், கோடு நேராகக் கட்டிலின் மேல் போகும். திங்கட்கிழமை மத்தியானம் சாலைக்காரர்கள் ஏர் பூட்டி வீட்டை உழுதுவிடுவார்கள். தப்பிக்க ஒரே வழிதான். அந்த ஜில்லாவின் முதல் குடியேறிகள் சங்கம் ஒரு பழைய வீட்டைத் தேர்ந்தெடுத்துக் காப்பாற்றப் போகிறது. தேர்ந்தெடுத்த வீட்டைத் தொட முடியாது. சாலைதான் வளைந்து போக வேண்டும். சங்கத்தில் ஐந்து அம்மாக்கள். போட்டியில் இன்னொரு வீடு, ஒரு பணக்காரருடையது. மர வீடு, ஜன்னலில் பூத்திரை.

"சங்கத்து அம்மாக்க இத வந்து பாக்கலியா?"

"போன வருஷம் வந்தாங்க. மேலயும் தூசி, கீழயும் தூசி. அஞ்சு பேரு காலுறைக்குள்ளயும் தெள்ளுப்பூச்சி. சொறிஞ்சுக்கிட்டே ஓடுனாங்க. நாளைக்குக் கடைசியா ஒரு தடவ வர்றாங்க." அக்கா தரையைக் காலால் தேய்த்தார். புகைபோல மண் எழும்பியது. "தண்ணி தெளிச்சா ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் இதே கதி."

சனிக்கிழமை காலை அக்கா அவர்களைக் கூட்டிவரக் காரில் கிளம்பினார். போகும்போது என்னிடம் சொன்னார்: "தரைய எப்படியாச்சும் சரி பண்ணி வை தம்பி. தூசி எழும்பக்கூடாது, பூச்சி இருக்கக்கூடாது. உனக்குத் தெரிஞ்சதச் செய்."

எனக்குத் தெரிந்ததைச் செய்யச் சொன்னது அவர்தான். இதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

மண் தரைக்கு என்ன செய்வார்கள்? எங்கள் வீட்டில் அம்மா வெள்ளிக்கு வெள்ளி செய்வதுதான். அக்காவிடம் இரண்டு பசு, ஒரு கன்று. பச்சைப் புல் மேய்ந்த மாடுகள். ஒரு வாளி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

"டேய் மாரி, என்னடா அது?"

"சாணி நானா."

"தெரியுதுலா. எதுக்குன்னு கேட்டேன்."

"தரைக்கு."

"அலாமா! இவுங்க ஊர்ல இது வழக்கமான்னு கேட்டியா?"

"வீடு மண்ணு, தரை மண்ணு. மாடும் கட்டியிருக்காங்க. வேற எதுலதான் மெழுகுவாங்க?"

"நான் தொட மாட்டேன். தொழுவுற ஆளு. நீ செய், நான் தூர நின்னு குறை சொல்றேன்," என்று நானா வேலியில் ஏறி உட்கார்ந்தார். சொன்னபடியே சொன்னார்.

கட்டிலையும் மேசையையும் வெளியே போட்டுப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, அடுப்புக் கரியும் சேர்த்துக் கரைத்து, உள்மூலையிலிருந்து அரை வட்டம் அரை வட்டமாக மெழுகிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். அந்த ஊர்க் காற்று சும்மா விடாது. ஒரு மணி நேரத்தில் பாதி காய்ந்துவிட்டது. தூசி ஒரு பொட்டு இல்லை. சாமான்களை உள்ளே வைத்தேன். பிறகு வாசலில் அக்காவின் கோதுமை மாவில் கோலம் போட்டேன். என் தங்கை போட்டால் தாமரை. நான் போட்டது முட்டைக்கோஸ்.

கார் வந்தது. ஐந்து அம்மாக்கள். சங்கத்துத் தலைவியின் தொப்பியில் ஒரு முழுக்கோழியின் இறகு இருந்தது. அக்கா முன்னால் வந்தார். வாசலில் மூக்கு ஒரு தடவை விரிந்தது. என்னைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. விருந்தாளிகள் பின்னால் நிற்கிறார்கள், ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

நான் குறுக்கே நின்று கும்பிட்டேன். "சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள போங்க."

பினாங்கில் எந்த வீட்டிலும் சப்பாத்தோடு நுழைய மாட்டார்கள். அதுவும் மெழுகின தரை! அந்த அம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "கிழக்கு நாட்டு மரியாதை போலருக்கு," என்றார் ஒருவர். எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. வாசலில் ஐந்து ஜோடி சப்பாத்து வரிசையாக நின்றது, வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசல்போல. நானாவே வேலியில் இருந்து அப்படித்தான் சொன்னார்.

"அய்யோ, என்ன குளிர்ச்சி!" என்றார் ஒருவர்.

"தூசியே இல்லியே!"

"போன வருஷம் கடிச்ச கடிக்கு, இந்த வருஷம் ஒரு பூச்சியக் காணோம்!"

அக்கா சுவரோடு சுவராக நின்றார். தலைவி காலால் தரையைத் தடவிப் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. எந்தக் கடையில வாங்குன மெழுகு?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "கடையில கிடைக்காது மேடம். பசுஞ்சாணி. இன்னிக்குக் காலையில விழுந்தது."

ஒல்லியான ஒரு அம்மா மெல்லக் கேட்டார். "மாட்டுதா? பால் தர்ற மாடா?"

"அதே மாடுதான். இது வேற பக்கம்."

அப்புறம் என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்ல முடியாது, அவ்வளவு வேகம். நான்கு அம்மாக்கள் ஒரே கதவில் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். என் முட்டைக்கோஸ் போயிற்று. கைப்பம்புக்கு ஓடி ஒருவர் அடிக்க, மூவர் கால் நீட்ட, பிறகு அடித்தவர் அழுதார், தமக்கு யாரும் அடிக்கவில்லை என்று.

தலைவி மட்டும் நகரவில்லை. குனிந்து தரையைத் தொட்டார். விரலை மூக்கிடம் கொண்டுபோனார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹட்டி, எனக்கு அப்ப ஆறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வர்றப்ப பாவாட நிறைய மாட்டுச் சாணி பொறுக்கிட்டு வரணும். காஞ்சுருச்சான்னு காலால தட்டிப் பாப்பேன். அது இருந்தாத்தான் ராத்திரி அடுப்பு."

"எனக்குத் தெரியும் கிளாரா. நீ ஊருக்குச் சொல்ற கதை வேற."

"எங்கப்பா ஓக் விறகு எரிச்சாருன்னு சொல்லுவேன்."

"இந்த ஜில்லாவுல அப்ப ஓக் மரமே கிடையாது."

"யாரும் கேக்கலியே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தலைவி எழுந்ததும் மறுபடி தலைவியாகிவிட்டார். "வெளிய நாலு பேரும் வேண்டாம்னுதான் சொல்லுவாங்க. கையெழுத்து என்னோடது, அதனால திங்கக்கிழம மத்தியானம் வரைக்கும் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள இந்தத் தரை திரும்பத் தூசியாப் போச்சுன்னா, அவங்களுக்கு எதிரா எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

அவர்கள் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று தோளைச் சுருக்கினேன்.

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானே தெரிஞ்சதச் செய்யச் சொன்னீங்க."

"உனக்கு என்ன தெரியும்னு எனக்கு எப்படித் தெரியும்!" என்றார். தலையில் ஒரு தட்டு மட்டும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஊரே வந்தது. சாணித் தரைச் செய்தி அதற்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. கார், குதிரை வண்டி, குழந்தை குட்டி. பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் நிற்கிற கூட்டம்போல வரிசை. எல்லாருக்கும் உள்ளே போக வேண்டும், முகர்ந்து பார்க்க வேண்டும், ச்சீ என்று சொல்ல வேண்டும், மறுபடி ஒரு தடவை உள்ளே போக வேண்டும். எல்லாரும் ஆணி அடித்த பூட்ஸ். சப்பாத்தைக் கழட்டச் சொல்லித் தொண்டை வறள நான் கத்தினேன். ஒரு பையனிடமாவது பலித்ததா? சாயங்காலம் தரை உழுத வயலாகிவிட்டது.

"விரட்டியிருக்கலாமே அக்கா!"

"பத்து வருஷமாப் பலகை வச்சுக் கூப்பிடுறேன், ஊருக்காரங்க ஒருத்தரும் வரல. இன்னிக்கு வந்திருக்காங்க. எப்படி விரட்டுவேன்?"

அன்று அவர் சாப்பிடவில்லை. மண் வீட்டுக் கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் எதையாவது சொல்லிக் கிண்டல் பண்ணலாம் என்று போனேன். அவர் சுவரில் கை வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். "என்னடா வாயில பூட்டு?" என்றார் நானா. நான் வாளியைக் கழுவப் போனேன்.

திங்கள் விடிந்ததும் வாளியோடு கிளம்பினேன். மத்தியானம் எங்கள் ரயில். மத்தியானமே சாலைக்காரர்களும். தரையைக் கொத்தி, சமப்படுத்தி, சாணி கரைத்து முடித்தபோது தலைவியின் கார் வந்து நின்றது. தனியாக வந்திருந்தார், அதே இறகுத் தொப்பியோடு. மெழுகு எல்லாம் போய் வெறும் மண்ணாகக் கிடந்த தரையைப் பார்த்தார். அக்கா தலை குனிந்து நின்றார்.

"யாரு இப்படிப் பண்ணது?"

"ஊரு," என்றார் அக்கா.

தலைவி கையுறையைக் கழட்டினார். சப்பாத்தைக் கழட்டினார். கை மடிப்பைச் சுருட்டினார்.

"தள்ளு தம்பி."

"மேடம், இதுக்கு ஒரு முறை இருக்கு..."

"நான் சங்கத்துக்குத் தலைவி. எனக்குத் தெரியும்."

வாளியைப் பிடுங்கிக்கொண்டு மண்டியிட்டு ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, கை நன்றாகத்தான் போயிற்று. ஆனால் ஆரம்பித்தது வாசலில். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார். வாசலில் தொடங்கி, நடுவீடு மெழுகி, கட்டிலடி மெழுகி, ஒரு மணி நேரம் கழித்து அவர் நிமிர்ந்தபோது, உள்மூலையில் ஒரு பாய் அளவு இடத்தில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் எல்லாம் ஈரத் தரை. எங்கள் ஊரில் புது மருமகள்கள் முதல் வாரம் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

"எப்படி வெளிய வர்றது?" என்றார்.

"காயணும் மேடம். ஒரு மணி நேரம்."

"மிதிச்சுட்டு வந்தா?"

"முதல்லருந்து மெழுகணும்."

தலைவி தரையைப் பார்த்தார். அவர் கையால் போட்ட வட்டங்கள் வாசல்வரை வரிசையாகப் பளபளத்தன. காலைத் தூக்கினார். அப்படியே பின்னால் வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சாலைக்காரர்கள் வந்தார்கள். ஏரோடு ஆறு குதிரை, இரண்டு ஆள், அளவுக்காரர் ஒருவர். அளவுக்காரர் கையில் காகிதம். "சங்கத்துத் தலைவி எங்க? கையெழுத்து உண்டா இல்லியா? எனக்கு நேரம் ஆச்சு."

"இங்க இருக்கேன்," என்றது சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவர் கதவுக்குப் போனார். "கால வைக்காதே!" என்று மூன்று பேர் ஒரே சமயத்தில் கத்தினோம். நானா கத்தியது தமிழில். மனிதர் அரண்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு அந்த மூலையை ஒட்டிய ஜன்னலுக்குப் போனார். தடித்த சுவருக்கு அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் இறகுத் தொப்பி. காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். தலைவி எட்டி வாங்கினார். திண்டில் காகிதம் பறக்காமல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு போலிருந்தது.

அளவுக்காரர் காகிதத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்துக்குப் பக்கத்தில் ஐந்து விரலும் உள்ளங்கையும் பச்சையாகப் பதிந்திருந்தன.

"கறை பட்டுருச்சே மேடம். வேற காகிதம் எழுதிட்டு வரட்டுமா?"

"வேண்டாம். அப்படியே ஆபீசுல குடு."

"என்னன்னு கேட்டா?"

"சாணின்னு சொல்லு. யாரோடதுன்னு கேட்டா, எங்க வீட்டுதுன்னு சொல்லு."

தூரத்தில் ரயில் ஊதியது. நானா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அளவுக்காரர் காகிதத்தைக் காற்றில் ஆட்டிக் காயவைத்தபடியே குதிரைகளிடம் நடந்துபோய், ஏரைப் பிடித்திருந்த ஆளைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

"நாப்பது அடி தள்ளிப் பூட்டு!"